கப்பல் பார்க்கப் போனவருக்கு

என் அன்பான ஸ்டெல்லா நைனாவுக்கு,

வருகிற மாதம் வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். நான் சுகம் என்று எழுதினால் அது பொய். உடம்பெல்லாம் அலுப்பு.

எண்ணூரில் பெரிய புகைபோக்கி எழுப்பியிருக்கிறார்கள். நீங்கள் இருந்தால், புதுக் கப்பல்தான் வந்திருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள்.

இப்போது என் பாடு உங்கள் கல்லறைக் கல்லோடு. பெயருக்குக் கீழே என்ன வெட்டுவது என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். 'கப்பல் ஆர்வலர்' என்கிறாள் உங்கள் மகள் ஸ்டெல்லா. பக்கத்து வீட்டு மேரி 'கப்பல் ரசிகர்' என்கிறாள். சினிமாக் கொட்டகையில் விசில் அடிக்கிறவரைச் சொல்வதுபோல் இருக்கிறது எனக்கு. வாரமெல்லாம் ஹார்பரில் மூட்டை இறக்கிவிட்டு, லீவு நாளிலும் அதே கப்பல்களைப் பார்க்கப் போய், பெயரையும் கொடியையும் நோட்டில் எழுதிவைத்த மனிதரை என்னவென்று சொல்வது? பெற்ற பெண்ணுக்கே கப்பல் பெயரை வைத்துவிட்டு, பங்குச் சாமியாரிடம் அது புனிதையின் பெயர் என்று சாதித்தீர்களே!

நான் உங்களைச் சொன்னது ஒரே வார்த்தை. பைத்தியம். கடைசி நாளும் காய்ச்சலோடு கிளம்பினீர்கள். "போ பைத்தியமே, அந்தக் கப்பலையே கட்டிகினு அழு" என்று கதவைச் சாத்தினேன். கடற்கரைச் சுவரில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள் என்ற செய்திதான் திரும்பி வந்தது. அந்த வார்த்தை மனசில் தைத்துத்தான் போனீர்களா? பதினோரு மாதமாக இதை நினைத்தே ஓய்ந்துபோனேன்.

அன்று உங்கள் பக்கத்தில் இருந்தது உங்களோடு வேலை பார்த்த மாணிக்கம். அவரிடம் கேட்க இத்தனை நாள் துணிச்சல் இல்லை. நேற்று வந்தவரிடம் கேட்டுவிட்டேன்.

"இன்னா அண்ணி, இதுக்கா இத்தினி நாளு அழுதுகினு கீற? சிரிச்சுகினே வந்தாரு அன்னிக்கு. 'வூட்ல பைத்தியம்னு பட்டம் குட்த்து அனுப்பிச்சிட்டாடா. வேற எவனாவது சொன்னா கோவம் வரும். அவ சொன்னாதான் எனக்குப் பொருந்துது'ன்னாரு."

இதை நீங்களே என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?

கல்லில் உங்கள் பெயர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை ஊரார் படிக்க விடமாட்டேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து உங்கள் கல்லறைக்கு வந்து, நானே என் வாயால் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒருத்தி,
உங்கள் மனைவி