இரண்டு ஆப்பிள், இரண்டு பேரிக்காய்

பெத்னல் கிரீன், லண்டன்
9 மார்ச் 1979

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்த வெயில் ஊரில் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சம்மதித்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்து ஐந்து வாரமாகியும் அவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மார்க்கெட்டையே அதிரவைத்த வாய்! ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க மிஸ் கெடெஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பெண் வருகிறாள். இடது கையில் பென்சிலைக் கொடுத்து, வீட்டுக்குப் போனா உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும், வரைஞ்சு காட்டுங்க என்று கேட்டிருக்கிறாள். இவர் இரண்டு ஆப்பிளும் இரண்டு பேரிக்காயும் வரைந்திருக்கிறார். பழக்கடைக்காரர்தானே, கடை ஞாபகத்தில் ஏதோ கிறுக்குகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். புத்தி தெளியவில்லை, வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டரும் எழுதிவிட்டார்.

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடி பொண்ணே, ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்னா எங்க தெருவுல ஸ்டேர்ஸ்! மாடிப்படிம்மா! கடைசிச் சொல்லோட எது ஒத்து ஒலிக்குதோ அதான் அர்த்தம், பொறந்ததுலேருந்து நாங்க இப்படித்தான் பேசுறோம் என்றேன் அவளிடம். நம் வீட்டில் பதினாலு படி இருப்பதையும் சொன்னேன். கேட்ட கேள்விக்கு மனுஷன் நெத்தியடியாகப் பதில் சொல்லியிருக்கிறார்! வாய் போனாலும் வாய்த்துடுக்கு போகவில்லை பார். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே மலைப்பாக இருந்தது.

மிஸ் கெடெஸ் நல்ல பெண். மன்னிச்சுக்குங்க மிஸ்டர் டாப்ளி, தப்பு என்னோடதுதான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டாக்டரிடம் போய் மல்லுக்கட்டியதும் அவள்தான். கட்டிலைக் கீழ் அறையில் போட்டால் போதும் என்று முடிவாகிவிட்டது. 17ஆம் தேதி வீட்டுக்கு வருகிறார்.

நேற்று அவள் இன்னொரு கேள்வி கேட்டாள். வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்யணும்? அவர் ஒரு நாயையும் எலும்பையும் வரைந்தார். நாய் பன்றி மாதிரி இருந்தது, அது வேறு விஷயம். நீங்க சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கிறேன் என்று என்னைத் தடுத்துவிட்டு, டாக் அண்ட் போன், டாக் அண்ட் போன் என்று முணுமுணுத்தாள். பிறகு துள்ளிக் குதித்தாள், டெலிபோனா? உங்கப்பா தலையாட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே ஒரு கங்காரு வரைந்தார். அதற்கு எங்கள் பாஷை ஒன்றும் தேவைப்படவில்லை.

நீ ஆஸ்திரேலியா போன அன்று, இனிமே அவ போன் பண்ணா நான் பேச மாட்டேன் என்று சொன்னவர். நாலு வருஷமும் அந்த வைராக்கியத்தை விடவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அறையை விட்டே போய்விடுவார்.

25ஆம் தேதி ஞாயிறு, எங்களுக்குக் காலை பத்து மணிக்குக் கூப்பிடு. டெலிபோனை எடுப்பது அவர்தான். பதில் வராது, மூச்சுதான் கேட்கும். வைத்துவிடாதே, கண்ணு. நீ பேசிக்கொண்டே இரு.

நீ நூறாயுசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
டோரீன்