தலையணை உறைக்குள் அமெரிக்கத் தேர்தல்

அக்கா,

நேற்று மகள் என் கைபேசிக்கு ஒரு விளையாட்டு அனுப்பியிருந்தாள். அமெரிக்காவில் இதுவரை நடந்த ஜனாதிபதித் தேர்தல்கள் ஒவ்வொன்றாக வரும், நின்றவர்களின் படங்களும் வரும். அப்போது எங்களுக்கு வாக்கு இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்போமோ அவருடைய படத்தைத் தொடவேண்டும். கடைசியில் நாம் எப்படிப்பட்ட ஆள் என்று அது சொல்லுமாம். "அம்மா, உங்களுக்கெண்டே செய்தமாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தாள். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பழைய தாடிக்காரர்களை எல்லாம் கடகடவென்று கடந்தேன். நடிகராக இருந்து ஜனாதிபதியானவரையும், ஆளுக்கொரு காலம் ஜனாதிபதியாக இருந்த தகப்பனையும் மகனையும் கடந்தேன். அந்த மெலிந்த கறுப்பின மனிதர் முதன்முறையாக நின்ற தேர்தல் வந்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. பருப்பு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

அமெரிக்கத் தேர்தல் என்றால் எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வருவதில்லை. ஜெர்மனியில் ஹனோவருக்கு வெளியே நாங்கள் வேலை செய்த சலவைத் தொழிற்சாலைதான் வருகிறது. விடிய ஐந்து மணிக்கே ஆவி பிடித்துக் கண்ணாடியெல்லாம் வேர்த்திருக்கும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விரிப்புகளையும் உறைகளையும் டாக்டர்மாரின் வெள்ளை அங்கிகளையும் தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்கி, மடித்து அனுப்பவேண்டும். நீங்கள் தையல் மேசையில் இருந்தீர்கள். கிழிந்ததைத் தைப்பதும், பறந்துபோன பொத்தான்களைத் திரும்பப் பிடிப்பதும் உங்கள் வேலை. உங்கள் மேசையில் இரண்டு பெரிய கண்ணாடிப் போத்தல்கள் நிறையப் பொத்தான்கள்; நீங்கள் தெறி என்பீர்கள். அங்கிகளுக்கு வெள்ளை, சமையற்கட்டு உடுப்புகளுக்கு நீலம்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்கத் தேர்தல் நாளன்று, தேநீர் இடைவேளையில் ஒரு தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"வெள்ளைத் தெறி பழைய ஜனாதிபதியின்ரை மகனுக்கு, நீலத் தெறி மற்றவருக்கு. ஒண்டை எடுத்து, கையை உள்ளுக்கை விட்டுப் போடும். ஆருக்கும் காட்டக்கூடாது."

"எங்களுக்கும் அமெரிக்காவுக்கும் என்னக்கா?" என்றேன்.

"ஏன், உமக்கு வேறை எங்கையும் வோட் இருக்கே?"

ஊரைவிட்டு வந்தாயிற்று. இங்கே கையில் இருந்தது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எடுத்து நீட்டிக்கொள்ளும் வதிவிடத் தாள் ஒன்று. சுற்றிப் பார்த்தேன். துருக்கிப் பெண்கள், கொசோவோக்காரி, வியட்நாம் அக்கா தங்கை இருவர், போலந்திலிருந்து வந்த ஹலினா. எல்லாரும் என்னைப் போலத்தான், இருக்கிற நாட்டில் யாருக்கும் வாக்கு இல்லை. உறைக்குள் கையை விட்டேன்.

அந்த முறை அமெரிக்காவில் எண்ணி முடிக்க ஏலாமல் வாரக்கணக்காக இழுபட்டார்கள். நாங்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். "அவையளை இஞ்சை அனுப்பிவிடச் சொல்லுங்கோ, நாங்கள் பழக்கிவிடுறம்" என்று ஹலினாவுக்கு நீங்கள் உங்கள் ஜெர்மனில் சொல்ல, அவள் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தாள். எண்ணுகிற வேலையை அன்றைக்கே என்னிடம் தந்தீர்கள். "இந்தப் பிள்ளைக்கு ஆரையும் நம்பத் தெரியாது. அதுதான் எண்ண ஏத்த ஆள்" என்றீர்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

உங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை குறைந்த நேரங்களில் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்பீர்கள்: "இப்ப கேட்டால், போனமுறை ஆருக்குப் போட்டிருப்பீர்?" நீங்கள் போட்டதை எல்லாம் மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். மகன் ஈராக்குக்குப் படை அனுப்பியதும் அவருக்குப் போட்டதைத் திருப்பி எடுத்தீர்கள். நான் சேர முன்னம் தகப்பனுக்குப் போட்டதையும் சேர்த்து எடுத்தீர்கள், பெற்ற பாவத்துக்காக. நான் மாட்டேன் என்று நிற்பேன். போட்டது போட்டதுதான், பிறகு அழித்து எழுத அதென்ன சிலேட்டா?

"நாங்கள் போடுறது ஆருக்கும் தெரியாத வோட். அதையாவது திருத்தக்கூடாதே?" என்பீர்கள். இன்னொருநாள் சொன்னீர்கள்: "அந்தக் கதிரையிலை இருக்கிறவர் ஒரு கையெழுத்து வைக்க, எங்கையோ ஒருத்தன்ரை வீட்டுக் கூரை பறக்குது. நியாயமாப் பாத்தால் அவனுக்கெல்லே முதல் வோட் குடுக்கவேணும்." நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு அந்த மெலிந்த மனிதர் நின்ற கார்த்திகை மாதம் வந்தது. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. உங்கள் தம்பி கிளிநொச்சியில் இருந்தவர், இடம்பெயர்ந்து தருமபுரம் பக்கம் போய்விட்டார் என்று தெரியும். குடும்பம் எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை. நீங்கள் சில வாரங்களாகவே அதிகம் பேசவில்லை. ஆனால் தேர்தல் அன்று காலையில் உறையோடு வந்தீர்கள். "இந்த மனிசன் வந்தால் நிப்பாட்டுவார்" என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். அவருக்கு வெள்ளைத் தெறி, எதிர்த்து நின்ற கிழவருக்கு நீலம்; நான் கிழவருக்கே போட்டேன். போரில் சிறைபட்டுக் கிடந்தவருக்கு வலி தெரியும் என்பது என் கணக்கு.

மடிக்கும் மேசையில் உறையைக் கவிழ்த்து எண்ணினேன். வெள்ளை இருபத்தொன்று, நீலம் ஐந்து. மொத்தம் இருபத்தாறு. அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் பத்தொன்பது பேர். திரும்ப எண்ணினேன். அதே இருபத்தாறு.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ஊரில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. சேலை உடுத்து, பள்ளிக்கூடத்து வரிசையில் வெயிலில் நின்று உள்ளே போனால், மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "உம்மட வோட் போட்டாச்சு, தங்கச்சி." விரலில் மை படாமல் வீட்டுக்கு வந்தேன். அந்த அவமானத்தை இத்தனை வருடம் வைத்திருந்து, அன்றைக்கு உங்கள் தலையில் கொட்டினேன்.

"ஆரோ கள்ள வோட் போட்டிருக்கினம்" என்றேன், முதலில் ஜெர்மனில், பிறகு தமிழில்.

ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தீர்கள். "நான்தான், பிள்ளை. கூட இருக்கிற ஏழும் நான் போட்டது."

"வெக்கமில்லையே அக்கா? அங்கை எங்கடை வோட்டைக் களவெடுத்தாங்கள். நீங்கள் இஞ்சை வந்தும் அதே வேலையைத்தானே செய்யிறியள்!"

மற்றப் பதினேழு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொழி விளங்காதவர்களுக்கும் என் முகம் விளங்கியிருக்கும். ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். வாய்க்கு வாய் கொடுக்காமல் விடுகிற ஆளா நீங்கள்? "சரி, அந்த ஏழு தெறியையும் எடுத்துப்போட்டு எண்ணும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

எடுத்தேன், அக்கா. ஏழு வெள்ளைப் பொத்தான்களைப் பொறுக்கி, உங்கள் மேசைப் போத்தலுக்குள் திரும்பப் போட்டேன். பதினாலுக்கு ஐந்து என்று உரத்து வாசித்தேன். அந்த ஏழு இல்லாமலே உங்கள் ஆள் வென்றிருந்தார். வெல்லுகிறவருக்கு ஒருத்தி எதற்காகக் கள்ள வோட் போடுகிறாள் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். எண்ணத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நாங்கள் கதைத்தோம், சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டோம். ஆனால் "இப்ப கேட்டால்" என்கிற அந்தக் கேள்வி நின்றுபோனது. தை மாதம் அவர் பதவியேற்றபோது நீங்கள் தையல் மேசையில் சிறிய வானொலி ஒன்றை வைத்துக் கேட்டீர்கள். வைகாசியில் ஒருநாள் அவர் எங்கள் நாட்டைப் பற்றியும் சில வார்த்தைகள் பேசினார். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டீர்கள்.

நான்காம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டாமல் இருந்தது. சோபாவில், மடியில் தொலைபேசியை வைத்துக்கொண்டு இருந்தீர்கள். வவுனியா முகாமிலிருந்து தம்பியின் மனைவி பேசியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"ஏழு தெறி போட்டனான், பிள்ளை. மூண்டுதான் திரும்பி வந்திருக்கு."

எனக்கு உடனே விளங்கவில்லை. நீங்கள் விரல் மடித்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. தம்பி, மச்சாள், மச்சாளின் தாய், நாலு பிள்ளைகள். மச்சாளும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். மற்ற நாலு பேரும் இல்லை. பங்கருக்குள் இருந்தவர்கள் வோட் போட வரமாட்டார்கள், அதனால் அவர்களுடையதையும் நீங்களே போட்டீர்கள். கூரை பறந்தவர்களுக்குத்தான் முதல் வோட் என்று நீங்கள் சொன்னது பகிடியில்லை.

அந்த இடத்தில் நான் உங்கள் காலைப் பிடித்திருக்கவேண்டும். "தேத்தண்ணி போடட்டோ அக்கா?" என்று கேட்டேன். குசினிக்குள் போய், தண்ணீர் கொதித்து முடிந்த பிறகும் அங்கேயே நின்றேன். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் உறையை ஹலினா பிடித்தாள். நீங்கள் போடவில்லை, நான் எண்ணவில்லை. நான் அன்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டு ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனோமே, கால்வாய்க் கரையில் புல்லில் இருந்து கச்சான் கொறித்தோமே, அங்கேதான் திடீரென்று கேட்டீர்கள்.

"அந்த மெலிஞ்ச மனிசன் முதல் நிண்டாரெல்லே. இப்ப கேட்டால், அந்தமுறை ஆருக்குப் போட்டிருப்பீர்?"

"முதல் நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே எல்லாத்தையும் மாத்துறனீங்கள்."

"மாத்தமாட்டன்."

"அவர் ஒண்டும் செய்யேல்லையே, அக்கா."

"ஓம், செய்யேல்லை. என்ரை ஒண்டை வேணுமெண்டால் திருப்பி எடுப்பன். மற்ற ஏழும் அவையளின்ரை. அவையளைக் கேக்காமல் நான் எப்பிடி மாத்துறது?"

தேர் வருகிறது என்று சனம் எழும்பியது. நீங்களும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினீர்கள். என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பத்தையும் தேங்காய் உடைக்கிற சத்தத்துக்குள் விட்டுவிட்டேன். மூன்றாவது கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு இங்கே ஜெர்மன் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் போய் வாக்களித்தேன். ஆறு மணிக்குப் பிறகு, எண்ணுவதை யார் வேண்டுமென்றாலும் நின்று பார்க்கலாம் என்றார்கள். நின்றேன். தாள்களைக் கொட்டி, அடுக்கி, எண்ணினார்கள். பதிவில் இருந்த ஆட்களின் தொகையும் தாள்களின் தொகையும் ஒன்றாக இருந்தன. பொறுப்பாக இருந்த பெண் நிம்மதியாகப் பேனையை மூடினாள். அவள் செய்தது சரி. அப்படித்தான் செய்யவும் வேண்டும். எனக்கோ அழுகை வந்துவிட்டது. ஒரு இளம் பெடியன் ஓடிவந்து, கதிரை வேண்டுமா என்று கேட்டான்.

அக்கா, கால்வாய்க் கரையில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. போட்டது போட்டதுதான் என்று இத்தனை வருடம் விறைத்துக்கொண்டு நின்றவள் நான், இப்போது மாற்ற ஆசைப்படுகிறேன். யாருக்குப் போட்டிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கிழவரும் நிறுத்தியிருக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. என் நீலத் தெறி அங்கேயே கிடக்கட்டும். உங்களைக் கள்ளியாக்கினது பிழை, அக்கா. அதைத்தான் நான் எங்கே போனாலும் காவிக்கொண்டு திரிகிறேன். அந்தக் காலையை யாராவது எனக்குத் திருப்பித் தந்தால் வோட்டை மாற்றமாட்டேன், எண்ணிக்கையை மாற்றுவேன். எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பேன்: வேலைக்கு வந்தவர்கள் பத்தொன்பது, வர ஏலாதவர்கள் ஏழு, மொத்தம் இருபத்தாறு, எல்லாம் சரி.