பின்கதவின் கொண்டி

மதினி,

இன்று போடிமெட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பூட்டு மாற்றப் போயிருந்தேன். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறார்களாம். அறைக் கதவின் கனம் அரை அங்குலம்கூட இல்லை. பூட்டு மாட்டும் பழைய கொண்டியைக் கழற்றியதும் திருகாணித் துளையிலிருந்து ஒரு தீக்குச்சித் துண்டு உள்ளங்கையில் விழுந்தது. உங்கள் வீட்டுப் பின்கதவுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது அண்ணன் உங்களை விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் மூணாற்றில் ஆசாரி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம், தேயிலை ஃபேக்டரியிலிருந்து எஸ்டேட் லயத்து வரிசையில் இருந்த உங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் எனக்குப் போன் செய்தீர்கள்.

"யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்காக தம்பி. ஒண்ணும் களவு போகல. பூட்டும் பூட்டுனபடியே இருக்கு. தண்ணிச் செம்பு மட்டும் இடம் மாறிக் கெடக்கு."

பயந்துபோய் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நீங்களோ பின்கதவின் முன் குத்தவைத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு அந்தக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போவீர்கள். பூட்டைத் தொடாமல் கொண்டியை மட்டும் பிடித்து இழுத்தீர்கள். நாலு திருகாணியும் அதோடு சேர்ந்து வந்தன.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. அதத் தாங்கத்தான் கதவுல மரம் இல்ல," என்றீர்கள். துளைக்குள்ளிருந்து ஒரு தீக்குச்சித் துண்டை எடுத்தீர்கள். "இத எதுக்குத் தம்பி வைக்கிறது?"

"துளை பெருசாயிட்டா ஆணி ஆடாம நிக்க."

வாங்கிப் பார்த்தேன். குச்சி புதுசு. மருந்து முனையைப் பல்லால் கடித்த தடம் தெரிந்தது. அண்ணனும் ஆசாரிதான். குச்சியின் தலையைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் துளையில் செருகுவான். கொண்டியைக் கழற்றி உள்ளே வந்து, போகும்போது குச்சி செருகித் திரும்ப மாட்டியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. திருகாணியை விட்டுவிட்டு, கதவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போல்ட்டை ஓடவிட்டேன். உள்ளே ஒரு பலகையும் அதன்மேல் இரும்புத் தகடும் வைத்து நட்டை முடுக்கினேன். முடிந்ததென்று நான் நினைத்தபோது, "நீங்க உள்ள இருங்க. இப்ப நாந்தான் களவாணி," என்று வெளியே போய்விட்டீர்கள்.

தோளால் முட்டினீர்கள். கொண்டி அசையவில்லை, ஆனால் கதவின் அடிப்பாகம் வளைந்து கை நுழையும் அளவுக்கு இடம் விட்டது. குறுக்கே இரண்டு சட்டம் அடித்தேன். அடுத்து, வெளியே தெரிந்த கீலின் திருகாணிகளை நீங்களே கழற்றிக் காட்டினீர்கள். அதற்கும் போல்ட் போட்டேன். மூன்றாவது தடவை முட்டியும் கதவு அசையாமல் போக, மூச்சு வாங்க நின்று, "இனிமே நானே சாவியத் தொலைச்சா வெளியதான் படுக்கணும்," என்று சிரித்தீர்கள்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் வந்து கதவைத் தட்டினானாம். பழையபடி வந்து இருக்கட்டுமா என்று கேட்டானாம். வெளியே ஸ்டூல் போட்டுக் காப்பி கொடுத்திருக்கிறீர்கள். "வேல செய்யிறவளுக்குக் கம்பெனி குடுத்த வீடு இது. எம் பேருலதான் இருக்கு," என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். இதை என்னிடம் சொன்னபோதும் நான் அந்தத் தீக்குச்சியைப் பற்றிப் பேசவில்லை.

போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்துதான் சொன்னேன். "அன்னைக்கே எனக்குத் தெரியும் மதினி, வந்தது அண்ணன்தான்னு."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"எதப் பாத்தாலும் யாரு, எதுக்குன்னு கேக்குற ஆளு நீங்க. அந்தக் குச்சியப் பாத்துட்டு ஒண்ணுமே கேக்கலையே."

"அப்ப நீங்களாவது கேட்டிருக்கலாமே."

"நீங்களாச் சொல்றீகளான்னு பாத்தேன்."

அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. நாலாம் நாள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

அந்த ஞாயிறு முழுக்க, களவாணி வேஷம் போட்டுச் சிரித்துக்கொண்டே, நான் சொல்வேனா என்று காத்திருந்திருக்கிறீர்கள். நான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எந்த வீட்டில் வேலை என்றாலும், கதவைப் பார்த்து எனக்குத் தெரிந்ததை வீட்டுக்காரர்களிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் உளியை எடுக்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மதினி.