உங்கள் வண்டிக்கு வந்த முன்சக்கரம்

தங்கையையும் கொடுத்து, தொழிலுக்குப் பெயரும் வாங்கிக் கொடுத்த என் பிரியமான மச்சானுக்கு,

உங்கள் மோட்டார் சைக்கிள் இன்று காலை கூடலூருக்குத் திரும்பிவிட்டது. உங்கள் மனைவி வீரம்மாக்காவின் தம்பி முருகேசன் வந்து எடுத்துப் போனார். ஏலக்காய் எஸ்டேட்டின் தபால் பையை இனி அவர்தான் சுமக்கப் போகிறார். நீங்கள் இத்தனை வருஷம் ஏறி இறங்கிய அதே குமுளி மலைப்பாதையில், அதே வண்டியில். நீங்கள் என்னிடம் கேட்ட முன்பிரேக் அதில் இப்போது இருக்கிறது. ஆமாம், இப்போதுதான் இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடி இருபது நாள் கழித்து.

யார் காதிலும் விழாமல் இதை உங்களிடம் சொல்ல ஒரு வழி உண்டா என்று பார்த்தேன். இல்லை. எழுதி வைத்தால் யாராவது படிப்பார்கள். படிக்கட்டும்.

அந்த ஐப்பசி மழையில் மலையிறங்கும்போது பிரேக் பிடிக்காமல் ஓடைக்குள் விழுந்து, முட்டி பெயர்ந்து ஒரு மாதம் படுத்திருந்தீர்களே, அதற்குப் பிறகுதான் எல்லாம். உங்கள் வண்டி லேசான வண்டி. முன்சக்கரத்து பிரேக் டிரம் ஒரு சின்னச் சட்டி மூடி அகலம்தான். உலகச் சண்டை முடிந்து மதுரையில் பட்டாளத்துச் சாமான்களைக் குவித்துப் போட்டு விற்றபோது நொண்டிக்கொண்டே போனீர்கள். பெரிய பட்டாளத்து மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன்சக்கரத்தை, டிரம்மோடு, தேடிப் பிடித்தீர்கள். அதை பஸ் மேல் கட்டி, ஆண்டிபட்டி வழியாக என் பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்கினீர்கள். "மாப்ள, இத எப்பிடியாச்சும் என் வண்டில பூட்டிக் குடுங்க. நான் வீடு வந்து சேர்றவரைக்கும் உங்க அக்கா பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்குறா" என்றீர்கள்.

பூட்டினேன் மச்சான். சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் இரண்டு கால்களையும் அரத்தால் ராவி, இரும்பு வளையம் கடைந்து போட்டு, பிரேக் தட்டு சுற்றிக்கொள்ளாமல் இருக்க ஒரு பட்டை அடித்து முறுக்கி, மூன்று நாளில் அதை உட்கார வைத்துவிட்டேன். சோதித்துப் பார்க்க ஆண்டிபட்டிக் கணவாய்க்கு ஓட்டிப் போனேன். இறக்கத்தில் இரண்டு விரலால் பிடியை அமுக்கினேன், வண்டி அப்படியே நின்றது. அப்படி ஒரு பிரேக்கை என் ஆயுசில் தொட்டதில்லை. திரும்பி வரும் வழியிலேயே என் புத்தி கெட்டுவிட்டது.

என் வண்டி பெரிய வண்டி, எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுப் போனது. பெரிய வண்டிக்குத்தானே பெரிய பிரேக் வேண்டும்? மச்சான் மெதுவாகப் போகிறவர், நாம்தான் விரட்டுகிறோம். இப்படி எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடி, நானே ஜட்ஜாக உட்கார்ந்து தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். சக்கரத்தைக் கழற்றி என் வண்டியில் மாட்டினேன். உங்கள் பழைய டிரம்மைத் துடைத்து, உள்ளே லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, மேலே கறுப்பு வர்ணம் அடித்து, உங்கள் வண்டியிலேயே திரும்பப் பூட்டி வைத்தேன். நீங்கள் வந்தபோது கண்கூடச் சிமிட்டாமல் சொன்னேன்: "சக்கரம் உங்க போர்க்குக்குள்ள நொழையல மச்சான். அது உள்சாமான எல்லாம் எடுத்து உங்க டிரம்முல போட்டுட்டேன். பிடி அதே பிடிதான்."

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தேனிச் சந்தையில், கம்பத்தில், போகிற இடமெல்லாம், "எங்க மாப்ள பட்டாளத்து பிரேக்கையே பூட்டிக் குடுத்துட்டாக. அவுக கை வச்சா வச்சதுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். சின்னமனூரிலிருந்துகூட என்னைத் தேடி வண்டிகள் வந்தன. உங்கள் தங்கை செல்லத்தாய் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். நானும்தான் நடந்தேன், வெட்கமே இல்லாமல்.

ஒரே ஒரு நாள் பட்டறைக்கு வந்தவர், என் வண்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள். அந்தப் பெரிய டிரம்மை விரலால் தடவினீர்கள்.

"நல்லாப் பிடிக்குதா மாப்ள?"

"பரவால்ல மச்சான்."

"பாத்துப் போங்க" என்று எழுந்துவிட்டீர்கள். அந்தப் பேச்சில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை தேடிப் பார்க்கிறேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

உங்களைக் கொண்டுபோனது மலைக்காய்ச்சல். வண்டியில் விழுந்து நீங்கள் சாகவில்லை. அந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் பதினைந்து நாள் சோறு தின்றேன்.

பதினாறாம் நாள் கருமாதிப் பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். மலைக்கு மாட்டுவண்டி ஓட்டும் சுருளியாண்டி உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெகுளியான மனுஷர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசினார். "அவுக மாதிரி சாக்கிரதையான ஆளப் பாக்க முடியாதுப்பா. எறக்கத்துல வேகம் மட்டுப்பட நாங்க வண்டிக்குப் பின்னால மரக்கெளையக் கட்டி இழுத்துட்டு வருவோம்ல? அவுகளும் மோட்டாருக்குப் பின்னால கெளையக் கட்டிக்கிட்டுத்தான் எறங்குவாக. ஒன்றர வருசமா இதான். அடிவாரத்து லோயர் கேம்புக்கு மேல, கடைசி வளைவுல அத அவுத்துப் போட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி ஊருக்குள்ள போவாக. அங்கன போயிப் பாருங்க, வக்கப்போரு கணக்கா கெளை குமிஞ்சு கெடக்கு."

"பட்டாளத்து பிரேக்க வச்சிக்கிட்டுக் கெளை என்னத்துக்கு?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது. அழுது ஓய்ந்திருந்த வீரம்மாக்காகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன் மச்சான். என் சத்தம்தான் எல்லாருடையதையும் விடப் பெரிதாகக் கேட்டது.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. முதல் இறக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கிறது. வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம். போனால் அவன் டிரம்மைத் திறந்து பார்ப்பான், என் பெயர் நாறிப்போகும். என்னை நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் செல்லத்தாய் காதுக்கு வரும். அதனால் கிளையைக் கட்டினீர்கள். ஊர்க்கண்ணில் படுவதற்குள் அவிழ்த்துப் போட்டீர்கள். எனக்காகவா, அவளுக்காகவா? ஏன் என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை? திட்டியிருந்தால் அன்றைக்கே கழற்றிக் கொடுத்திருப்பேனே. கொடுத்திருப்பேனா?

நான்கு நாள் கழித்து முருகேசன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். "எல்லாத்தையும் பாத்துக் குடுங்கண்ணே. பிரேக்க மட்டும் தொட வேணாம், மச்சான் பெருமையாச் சொன்ன பிரேக்கு அது" என்றார். அவர் தெரு திரும்பியதும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் முன்சக்கரத்தைக் கழற்றினேன். உங்கள் போர்க்கில் நான் ராவிய தடம் அப்படியே இருந்தது. இரண்டு மணி நேரத்தில் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. இரண்டே மணி நேர வேலை. முருகேசனுக்கு டிரம் பெரிதா சிறிதா என்று பார்க்கிற கண் கிடையாது. இப்படியே விட்டுவிட்டால் அன்று நான் சொன்ன பொய் இன்று உண்மையாகிவிடும், ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன பிறவி நான்?

இன்று காலை முருகேசன் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். "இம்புட்டுப் பிடிக்குதேண்ணே! மச்சான் சொன்னது பொய்யில்ல."

மோர் கொண்டுவந்து கொடுத்த செல்லத்தாய், "எங்கண்ணன் என்னைக்குப் பொய் சொல்லிருக்காக?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அங்கேயே, இரண்டு பேர் முகத்துக்கு முன்னாலும், கணவாய் முதல் கிளை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முருகேசன் குனிந்து டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப இதுல இருக்குல்லண்ணே?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். மோரைக் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

செல்லத்தாய் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்கண்ணன் அந்த எறக்கத்துல விழுந்து செத்திருந்தா, அப்பயாச்சும் வாயத் தொறந்திருப்பீகளா?"

"தெரியல" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

தெரியல என்று நான் சொன்னதும் பொய்தான் மச்சான். எனக்குத் தெரியும். திறந்திருக்க மாட்டேன். உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு, "வேகமா வந்துட்டாக, எத்தன தடவ சொன்னேன், கேக்கலையே" என்று எல்லாரையும் விடப் பெரிதாக அழுதிருப்பேன். ஊரும் நம்பியிருக்கும்.

அவள் வந்து குடத்தை இறக்கி வைத்ததும் இந்தப் பதிலைச் சொல்லிவிடுவேன். நாளை முதல் பஸ்ஸில் கூடலூர் போய், வீரம்மாக்காவிடமும் ஒரு வார்த்தை குறைக்காமல் இதையே சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன் மச்சான். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

எல்லாம் தெரிந்தும் நீங்கள் மாப்பிள்ளை என்றே கூப்பிட்ட,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
சின்னச்சாமி
அல்லிநகரம்