ஒசாக்காவில் நிறைந்தே இருந்த கிண்ணம்

இன்று காலை மாத்தளைச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் பட்டதும் எனக்கு ஒசாக்கா நினைவு வந்தது. கூடவே நீங்களும் வந்தீர்கள்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நம் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். அவளுக்கு லீவு கிடைத்த அந்தச் சனி, ஞாயிறு முழுக்கத் தின்றுகொண்டேதான் ஊரைச் சுற்றினோம். ஆற்றோரத் தெருவில், எட்டுக்கால் பேய்க்கணவாயைத் துண்டு போட்டு உள்ளே வைத்த மாவுருண்டையை வாங்கித் தந்தாள். அதன் மேல் தூவிய மெல்லிய கருவாட்டுச் சீவல் ஆவியில் நெளிந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்தீர்கள்.

"அடியே, இது நம்ம மாசிடி! இதைத் தின்னவா பிளேன் ஏறி வந்தோம்?"

நானும் சிரித்தேன். ஆனால் மனசெல்லாம் சாயந்திரத்தில் இருந்தது. மகளின் மேலதிகாரி அம்மா நம்மை விருந்துக்கு அழைத்திருந்தார். அங்கே சாப்பாடு என்றால் குடியும் சேர்த்துத்தான்.

இரத்தோட்டையிலிருந்து மிளகும் கராம்பும் ஏற்றி வந்த லொறியைப் போதையில் தேயிலைச் சரிவில் இறக்கிவிட்டு, உயிர் மட்டும் மிஞ்சி வந்தவர் நீங்கள். அதன் பிறகு வஹகோட்டைக் கோயிலில் அந்தோனியார் முன் முழந்தாளிட்டுக் குடியை விட்டீர்கள். விட்ட பிறகும், நீங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பையை வாங்குகிற சாக்கில் வாசலுக்கு வந்து உங்கள் மூச்சை முகர்ந்து பார்ப்பேன். உங்களுக்கும் தெரியும். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

விருந்தில் அந்த அம்மா எல்லோருக்கும் சின்னக் கிண்ணங்களில் அரிசி மதுவை ஊற்றினார். நீங்கள் இரண்டு கையாலும் வாங்கினீர்கள். மற்றவர்களோடு சேர்த்து உயர்த்தினீர்கள். நான் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு சொட்டும் குறையாமல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஜாடியை எடுத்து மற்றவர்களுக்கு ஊற்றத் தொடங்கினீர்கள். அந்த அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"அப்பாவுக்கு மரியாதை நல்லாத் தெரியுதுன்னு சொல்றாங்க" என்றாள் மகள்.

"அவருக்கு மறுபடி ஊத்துவாங்களா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"கிண்ணம் நெறைஞ்சிருந்தா ஊத்த மாட்டாங்கம்மா. அப்பா காலையிலேயே எங்கிட்ட கேட்டு வச்சுக்கிட்டாரு."

பயந்துகொண்டிருப்பது நான் மட்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மறுநாள் தெருவில் நடக்கும்போது என்னை நிறுத்தினீர்கள்.

"நேத்து என்னா சாப்பிட்ட, சொல்லு பாப்போம்?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில்லை.

"எங் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படித் தெரியும்? வா."

பக்கத்துக் கடையில் உட்காரவைத்து, முந்தின நாள் விருந்தில் வந்த பண்டங்களையெல்லாம் மகளைக் கேட்கச் சொன்னீர்கள். சுட்ட மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தீர்கள்.

"இப்ப நிம்மதியாத் தின்னு. நான் எங்கயும் போகல."

அந்த மீனில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கத்தரிக்காய் வாயில் கரைந்தது. வயிறு முட்டத் தின்றேன். ஊருக்குத் திரும்பிய பிறகு பை வாங்க நான் வாசலுக்கு வரவேயில்லை. "என்னா, இப்பல்லாம் ராணி எழும்பி வாறதில்ல?" என்று நீங்கள்தான் கேலி செய்தீர்கள்.

போன மழைக்காலத்தில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார். "குடிப்பாரா?" என்று சிங்களத்தில் கேட்டார். முன்பெல்லாம் அந்தக் கேள்வி வந்தால் தரையைப் பார்ப்பேன். அன்றைக்கு அவர் முகத்தை நேராகப் பார்த்து, "இல்லை" என்றேன். தள்ளுவண்டியில் படுத்திருந்த உங்களுக்கும் அது கேட்டது. என் விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்தினீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. நீங்கள் இல்லாதது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும், உங்கள் காதுபட அந்த ஒரு சொல்லைச் சொல்லக் கிடைத்ததே என்று நினைக்கிறபோது, நெஞ்சு லேசாகிவிடுகிறது.