வெள்ளிக்கிழமைத் தாள்கள்

2025 ஜனவரி 6, திங்கள்

காலை ஆறரைக்கு மாடியில் ஏறி, காற்றுப் பம்பின் வடிதாளை மாற்றினேன். எங்கள் ஊர் கொக்குவில் முழுக்க மங்கலாகக் கிடந்தது. பம்ப் ஒரு நாள் முழுக்க உறிஞ்சிய காற்றின் தூசு, வெள்ளைத் தாளில் சாம்பல் வட்டமாக. சுற்றி ஃபிறிஜ்ஜுக்குள் வைத்தேன். "உந்த ஊத்தையைச் சாப்பாட்டோடை வைக்காதை" என்றா அம்மா. தினமும் சொல்வதுதான்.

லெனாட் சுவீடனுக்குப் படிக்கப் போய்ப் பதினேழு மாதம். தாள்கள் அவனுடைய ஆராய்ச்சிக்கு. அம்மாவிடம் கம்பஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வெடி கொளுத்தியதில் தாள் கரி. படம் அனுப்பினேன். "நல்ல டேட்டா" என்றான். "உம்மைப் பாக்கவேணும் போல கிடக்கு" என்று எழுதி, அழித்துவிட்டேன். இப்போது நாங்கள் கதைக்கிறதெல்லாம் தூசுதான்.

ஜனவரி 16, வியாழன்

இந்த மாடியில் வைத்துத்தான் லெனாட் தன் ஆராய்ச்சியை எனக்கு விளங்கப்படுத்தினான். பூவின் வாசனை காற்றில் ஓசோனோடு சேர்ந்து முறியும். தூசில்லாத காற்றில் அது ஒரு வழியில் போகும். தூசு இருந்தால், முறிந்த துண்டுகள் அதில் ஒட்டி, அங்கேயே ஒன்றோடொன்று சேர்ந்து வேறு பொருளாகிவிடும். "நானும் நீரும் நேரிலை கதைச்சால் ஒண்டு. நடுவிலை ஆக்கள் நிண்டால் கதை வேறை." அப்போது சிரித்தேன்.

போகுமுன் ஒன்றுதான் கேட்டான்: "வீட்டிலை சொல்லும்." சொல்லவில்லை. அவன் வேதக்காரன், தேவாலயம் போகிறவன்; நாங்கள் சைவம். என்ன சொல்லித் தொடங்குவது?

ஜனவரி 20, திங்கள்

முதலில் அவனுக்குத் தபாலில் அனுப்பிய தாள்களின் முடிவு வந்திருக்கிறது. வெள்ளிதோறும் ஏதோவொரு பொருள் எகிறி நிற்கிறதாம். "நீர் வெள்ளிக்கிழமையிலை அங்கை என்ன செய்யிறீர்?"

நான் ஒன்றும் செய்யவில்லை. அம்மா செய்கிறா.

சாம்பிராணி! எனக்கு முப்பத்திரண்டு வயதானதும் அம்மா வைத்த நேர்த்திக்கடன்: கலியாணம் சரிவரும்வரை வெள்ளி மாலையில் வீடு முழுக்கப் புகை. அது படியால் ஏறி நேரே பம்புக்குள் போகிறது. இரசாயனம் படிப்பிக்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. வெள்ளி என்றால் வீடு அப்படித்தானே மணக்கும்.

இன்னும் இரண்டு மாதம் தாள் எடுக்கவேண்டும். கெட்டால் அவன் வேலை போச்சு. ஆனால் கம்பஸ் வேலைக்காக அம்மா நேர்த்தியை நிற்பாட்டமாட்டா. உண்மையைத்தான் சொல்லவேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

சொல்லவில்லை. புகைந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

"சாம்பிராணியை நிப்பாட்டவேணும், அம்மா."

"ஆருக்காக?"

லெனாட்டின் பெயரைச் சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

"பதினேழு மாசமோ?" அவ்வளவுதான் கேட்டா. பிறகு உரித்த வெங்காயத்தையே திரும்பவும் உரித்தா.

ஜனவரி 29, புதன்

அம்மா என்னைக் கண்டால் குசினிக்குள் போறா. தேத்தண்ணி மட்டும் மேசைக்கு வருது. ஏன் சொன்னன்? அவனும் இல்லை, இப்ப அம்மாவும் இல்லை எண்ட மாதிரிக் கிடக்கு.

ஜனவரி 31, வெள்ளி

ஆறு மணி. ஆறரை. வாசனை வரவில்லை. பயந்துதான் கீழே இறங்கினேன். அம்மா தூபக்காலைப் புளி போட்டு மினுக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தா.

"நேர்த்தி?"

"கேட்டது கிடைச்சாப் பிறகும் கேட்டுக்கொண்டு நிக்கிறதே?" திரும்பிப் பார்க்காமலே சொன்னா. பிறகு, "அவர் வெள்ளிக்கிழமையிலை மீன், மச்சம் சாப்பிடுறவரோ?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அறைக்கு வந்து அழுதேன்.

பெப்ரவரி 1, சனி

தாளை எடுத்தேன். முகர்ந்து பார்க்கக் கூடாது, பார்த்தேன். சாம்பிராணி இல்லை. "இனி வெள்ளியும் சரி" என்று எழுதி, படம் அனுப்பினேன்.

"இனி வெள்ளியிலை பிரச்சினை இல்லையோ? என்ன செய்தனீர்?" என்று கேட்டிருந்தான்.

"பின்னேரம் போன் எடும். அம்மாவுக்கு உம்மட்டை ஒண்டு கேக்கவேணுமாம்."