மொட்டைப் புல்லும் மொட்டைக் கடிதமும்

செப். 6, சனி

வெயில். மேற்குக் காற்று. புல் வெட்டும் நாள். வெட்டுவதற்குப் புல் இருந்தால்தானே.

போன மாதம் அடித்த மருந்தின் வேலை. களையை மட்டும் கொல்லும் என்று நினைத்து வாங்கினேன். எல்லாவற்றையும் கொல்லும் என்று புட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது, நான் வெளியே இருந்தேன். இப்போது வீட்டு முன்பக்கம் திருப்பதியில் முடி இறக்கின மாதிரி. ஓரத்தில் பிண்டி என்கிற முட்செடி மட்டும் தப்பிவிட்டது. நம் ஊர் நெருஞ்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி இது. வெறுங்காலில் மிதித்தால் குலதெய்வத்தின் பெயர் தானாக வாயில் வரும்.

பக்கத்து வீட்டு சிவஞானம் சாரின் புல். (டைரியில் சி.ஞா. போதும். முழுப்பெயர் எழுதுகிற மரியாதை இன்றைக்கு என்னிடம் இல்லை.) யாழ்ப்பாணத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். வாசலிலும், வேலிக்கு வெளியே தெருவோரம் நகராட்சிக் கவுன்சில் விட்டிருக்கும் துண்டிலும் ஒரே பச்சை. பில்லியர்ட்ஸ் மேசை போல. டூங்கபி மாதிரி ஒரு புறநகரில் இருந்துகொண்டு எதற்கு இவ்வளவு அழகு?

மாலதி ஜன்னலில் காபியோடு நின்றாள். "பாருங்க, மனுஷன் எவ்வளவு பொறுமையா வச்சிருக்கார்!"

இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் என்னோடு சேர்த்துப் பொறுமை என்ற சொல்லை அவள் சொன்னதில்லை. அவளுடைய பொறுமையைப் பற்றிச் சொன்னது கணக்கில் வராது.

மதியம் வேலிப்பக்கம் குப்பைத் தொட்டி கழுவினேன். (கழுவ வேண்டிய அவசியம் இல்லை.) சி.ஞா. போனில் யாரிடமோ: "காலமை மருந்து போட்டிட்டுத்தான் புல்லுக்கை இறங்குறனான். மருந்து இல்லாட்டி ஒண்டும் சரிவராது."

ஆகா!

செப். 8, திங்கள்

மழை வரும் என்றார்கள். வரவில்லை.

கவுன்சிலிலிருந்து தாள். பூங்காக்களிலும் தெருவோரப் புல்லிலும் அழகுக்காக மட்டும் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தலாமா, குடியிருப்பவர்கள் கருத்துச் சொல்லலாம். 27ஆம் தேதி காலை நூலக மண்டபத்தில் கூட்டம்.

மாலை தமிழ்க் கடை. முருங்கைக்காய், இடியப்ப மா, வெந்தயம். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு அன்ரிமார்.

"வடிவுக்கு நஞ்சடிக்கிறது என்ன வடிவு? தேனீயெல்லாம் சாகுது."

"உமக்கென்ன, நீர் புல்லே இல்லாத மாடி யூனிட்டிலை இருக்கிறீர். எங்கட பிள்ளையள் முள்ளுக்கையே ஓடி விளையாடுறது?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு நியாயம் தேவைப்படவில்லை. நான் தடைக்கு ஆதரவு. காரணங்கள்:

1. தேனீ.
2. மண்புழு.
3. தெருவில் விளையாடும் குழந்தைகள்.
4. சி.ஞா.

நாலாவதுதான் முதலாவது. எனக்கு வாய்க்காத புல் அவருக்கு எதற்கு?

செப். 11, வியாழன்

குளிர். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. செய்யவில்லை.

கவுன்சிலுக்கு ஆங்கிலத்தில் கடிதம். இன்ன தெரு, இன்ன எண் வீட்டுக்காரர் தினமும் காலையில் தெருவோரப் புல்லுக்கு நஞ்சு அடிக்கிறார், அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன். என் பெயர் போடவில்லை. மொட்டை வாசல்காரன் எழுதிய மொட்டைக் கடிதம். தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுக்கு வருஷாவருஷம் நகைச்சுவை நாடகம் எழுதுகிற கை. முதல் தடவையாகச் சிரிக்காமல் எழுதியிருக்கிறது. கடைசி வரி நல்ல கம்பீரம்.

தபாலில் போட்டுவிட்டு வரும்போது சி.ஞா. கையசைத்தார். நானும் அசைத்தேன். அதே கை.

செப். 20, சனி

நல்ல வெயில். இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருந்தால் தேவலை.

பத்து மணிக்குக் கதவு மணி. சிவஞானம் சார். கையில் கவுன்சில் உறை. உட்காருங்கள் என்றதற்கு, குசினிக் கதிரையே போதும் என்று சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல. மாலதி காபி போட்டாள். அவருக்கு வெள்ளி டம்ளர்.

"தம்பி, நீங்கள் எழுதுறனீங்கள்தானே. இதுக்கு ஒரு பதில் எழுதித் தரவேணும். ஆரோ நான் நஞ்சடிக்கிறன் எண்டு எழுதிப்போட்டாங்கள்."

உறைக்குள் கவுன்சில் விளக்கம் கேட்டு எழுதிய கடிதம். பின்னால் என் மொட்டைக் கடிதத்தின் நகல். நான் அதை முதல் தடவை பார்ப்பவன் போலப் படித்தேன். நடிப்பு சுமார்தான்.

"அடிக்கிறது இல்லையா சார்?"

"ஒரு சொட்டும் அடிக்கிறேல்லை. கையாலதான் புடுங்கிறனான். ஆறு மணிக்கு இறங்கினா எட்டு மணி மட்டும் எழும்பமாட்டன். முழங்கால் ரெண்டும் போயிட்டுது, காலமை மருந்து போட்டாத்தான் குந்தலாம்." சட்டைப்பையிலிருந்து களிம்புக் குழாயை எடுத்து மேசையில் வைத்தார். "இது இல்லாட்டி ஒண்டும் சரிவராது."

மருந்து. எங்கள் ஊரில் வயலுக்கு அடிப்பதும் மருந்து, முழங்காலுக்குப் போடுவதும் மருந்து. அவர் ஊரிலும் அப்படியே. நான் எனக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொண்டேன்.

"27ஆம் திகதி கூட்டத்திலை கதைக்க இருந்தனான். மருந்தடிக்காமலும் புல் வளர்க்கலாம், வந்து பாருங்கோ எண்டு. இனி எந்த முகத்தோடை போறது? களவாய் நஞ்சடிக்கிறவன் எண்டெல்லோ நினைப்பினம்."

"யாருங்க இப்படி எழுதினது? கை அழுகிப் போக!" என்றாள் மாலதி.

என் கையைப் பார்த்தேன். இப்போதைக்கு நன்றாகத்தான் இருந்தது.

செப். 21, ஞாயிறு

மேகமூட்டம். தலைவலி.

நாள் முழுக்க என் கடிதத்துக்கு நானே பதில். ஒவ்வொரு பத்தியிலும் அந்த மனுஷனைப் புகழ வேண்டியிருக்கிறது. பொறுமை, ஒழுங்கு, ஒவ்வொரு களையையும் வேரோடு எடுக்கும் கை. பாராட்டப் பாராட்டப் பொறாமை கூடுகிறது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

மாலதி படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க."

அப்பாடா என்று இருந்தது. அடுத்த வரி: "அவரைப் பத்தி எழுதினா யாருக்குமே நல்லாத்தான் வரும், இல்லீங்க?"

செப். 23, செவ்வாய்

காற்று இல்லை. ஜகரண்டா மரத்தில் இன்னும் மொட்டு வரவில்லை. பால் தீர்ந்துவிட்டது.

மாலையில் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவஞானம் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "நல்ல கடிதம்" என்றார். பிறகு உள்ளே போய் மொட்டைக் கடிதத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டின் கடைசி வரியிலும் விரலை வைத்தார்.

'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.' ஆவன செய்யவும் என்பதற்கு நம் ஊர் ஆபீஸ் ஆங்கிலம்.

இரண்டிலும்.

"இதை வெள்ளைக்காரன் எழுதவே மாட்டான்" என்றார். "எங்கட ஆக்களும் எழுதமாட்டினம். இந்தத் தெருவிலை இந்தியாவிலையிருந்து வந்த வீடு எது தம்பி?"

எழுந்து செருப்பைத் தேடினேன். வாசல் வரை வந்தார்.

"உங்கட மனிசிக்குச் சொல்லேல்லை, பயப்படாதேங்கோ. சனிக்கிழமை கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வாங்கோ."

கத்தியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். தெருவே கூடும்படி. இதிலும் அவர் என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறார். இதைத் தாங்குவதற்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது?

செப். 27, சனி

வெயில் சுள்ளென்று. கூட்டம் பத்து மணிக்கு. நாற்பது பேர் இருக்கும்.

தடை வேண்டாம் என்று ஒருவர்: பேரன் காலில் பிண்டி ஏறினால் கவுன்சிலர் வந்து எடுத்துவிடுவாரா? வேண்டும் என்று ஒரு பெண்: அழகான புல்லில் நாயை விட்டேன், இரண்டு நாள் வாந்தி. இரண்டு பேருக்கும் கைதட்டல். மாலதி மூன்றாவது வரிசை, எனக்குப் பக்கத்தில்.

சிவஞானம் சார் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். ஆங்கிலத்தில், நிதானமாக: "என்னைப் பற்றி ஒரு புகார் வந்தது. அதற்குப் பதிலை என் பக்கத்து வீட்டுக்காரர் எழுதினார். அவரே வாசிப்பார். விஷயம் முழுவதும் தெரிந்தவர் அவர்தான்."

உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மைக்குக்குப் போனேன். கையில் கடிதம். வாசித்துவிட்டு வந்திருக்கலாம். மூன்று நிமிடம், கைதட்டல், வீடு. அவருடைய முழங்காலைப் பார்த்துத் தொலைத்தேன். வழியில் போகிறவர்களுக்கு இடம் விட்டு, ஒரு காலை நீட்டி, தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் எழுதியது நான்தான்" என்றேன். "புகார் எழுதியதும் நான்தான். அவர் எதுவும் அடிப்பதில்லை. நான் அடித்தேன், என் புல் செத்துப்போனது, அவருடையது சாகவில்லை. அவ்வளவுதான் காரணம்."

மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் நம் ஆள் ஒருவர், "நாடகம் போடுறவர், இப்பிடித்தான் பகிடி விடுவார்!" என்று சத்தமாகச் சொன்னார். தலைமை தாங்கிய அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

மாலதி சிரிக்கவில்லை.

பிறகு சிவஞானம் சாரைச் சுற்றிக் கூட்டம். எப்படிப் பிடுங்குவது, எந்தக் கத்தி, வந்து பார்க்கலாமா. தெருவோரப் புல்லைக் கவுன்சில்காரர்கள் படம் பிடிக்கப் போகிறார்களாம். தடை பற்றி முடிவு அடுத்த மாதம்.

காரில் மாலதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரேடியோவையும் போடவிடவில்லை.

வீடு. நான் காரைப் பூட்டுவதற்குள் அவள் இறங்கி நேரே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய் மணி அடித்தாள். எனக்காக மன்னிப்புக் கேட்கத்தான். அது தெரியும்.

இப்போது மணி ஒன்றரை. போய் ஒரு மணி நேரம் ஆகிறது. மன்னிப்புக்கு இவ்வளவு நேரமா? ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம்.